பதினோராம் எண் துப்பாக்கி

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் சொல்பேச்சு கேட்பதில்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் சௌக்கியமா? கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாயா, இல்லை வழக்கம்போல் பாட்டில் அலமாரியில்தான் இருக்கிறதா?

இங்கே ஒரு தொல்லை வந்து சேர்ந்திருக்கிறது. பின்னறைப் பரணைக் கரையான் தின்றுவிட்டதென்று தச்சரைக் கூப்பிட்டோம். அவர் பலகைகளைப் பிரித்தபோது சுவரோடு ஒட்டி ஒரு நீளமான சாக்குப் பொட்டலம் இருந்தது. அவிழ்த்தால் துப்பாக்கி. தச்சர் ஏணியிலிருந்து இறங்கிய வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன் அத்தான் அவருக்கும் மேல். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "யாரும் தொடாதீங்க, யாரும் தொடாதீங்க" என்று பத்துத் தடவை சொன்னார். யாரும் தொடவே இல்லை.

அம்மா படுக்கையிலிருந்தபடி என்ன சத்தம் என்று கேட்டாள். பழைய இரும்பு என்று சொல்லிவைத்தேன்.

மறைத்துவைத்தால் வம்பு என்று உன் அத்தான் மறுநாளே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரி. வந்து புரட்டிப் பார்த்தார். பயிற்சிக்கு வைத்திருக்கும் துப்பாக்கி போலிருக்கிறது, சுடாது, ஆனாலும் விவரம் தெரிந்தவர் யாராவது இது இன்னதென்று எழுதிக் கொடுத்தால் ஃபைலை மூடிவிட்டு உருக்க அனுப்பிவிடுவேன் என்றார். ஸ்டேஷனில் திருட்டு சைக்கிள் வைக்கவே இடமில்லையாம். அதுவரை நாமே பூட்டி வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

எனக்கு உன்னை விட்டால் யாரைத் தெரியும்? உன் பட்டறை லெட்டர்பேடில் ஒரே ஒரு வரி போதும். "இது சுடாத பயிற்சித் துப்பாக்கி." கீழே கையெழுத்து, சீல். பயிற்சிப் பள்ளி ஆயுதக் கிடங்கில் அப்பா ஸ்டோர்கீப்பராக இருந்தபோது கழித்துப் போட்டதாக இருக்கும், வேறென்ன. பக்கத்து வீட்டு டெலிபோனில் இதைப் பேசினால் தெரு முழுக்க நமக்குத் துப்பாக்கி வியாபாரம் என்று ஆகிவிடும். அதனால்தான் கடிதம்.

உடம்பைப் பார்த்துக்கொள். இந்த வாரமே எழுது.

அக்கா

பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி.

நாங்கள் இருவரும் நலம். அம்மா முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? சொட்டு மருந்து அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. நல்ல கண்ணுக்கு வேலை அதிகம், கெட்ட கண்ணுக்கு ஓய்வு அதிகம். இரண்டும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்று லேத்தில் ஒரு தண்டை அரை மில்லி அதிகமாகக் கடைந்து பாழாக்கினேன். இருபத்திரண்டு வருஷத்தில் இது இரண்டாவது தடவை. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பார்க்காமல் ஒரு வரி எப்படி எழுதுவது? ஒவ்வொரு துப்பாக்கியிலும் அது பிறந்த வருஷம், போன இடம், கழித்துவிட்ட காரணம் எல்லாம் குத்தியிருப்பார்கள். எங்கள் பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி ஒருவர் இருக்கிறார், வேட்டைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவர். அவரிடம் காட்டினால் ஜாதகம் மாதிரி படித்துச் சொல்வார்.

நீ செய்ய வேண்டியது இதுதான். முதலில் போல்டைத் திற. தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கிற இரும்பு உருளை, பக்கத்தில் கைப்பிடி இருக்குமே, அதுதான் போல்ட். தோட்டாவைக் குத்துகிற ஊசி அதற்குள்தான் இருக்கும். திறந்து, டார்ச் அடித்து, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்துக்கொள். பிறகு எங்கெல்லாம் எழுத்தும் எண்ணும் இருக்கிறதோ அங்கெல்லாம் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய். சின்ன வயதில் காசின் மேல் தேய்ப்போமே, அதே வேலைதான். குழல், கட்டை, போல்டின் கைப்பிடிக்கு அடிப்பக்கம், எதையும் விடாதே.

இரண்டு கேள்வி. கட்டையில் வெள்ளைப் பெயின்ட் பட்டை இருக்கிறதா? தோட்டா உட்காரும் இடத்தில் குழலைக் குறுக்காகத் துளைத்திருக்கிறார்களா?

அதற்குள் ஸ்டேஷனில் கொடுத்துவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன். நீ பிரஸ்ஸில் புரூஃப் திருத்துகிற பழக்கத்தில் என் கடிதத்தில் சிவப்பு மையைத் தொடாமல் படித்தால் சந்தோஷம்.

தம்பி

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் இருவர் சுகமும் தெரிந்து நிம்மதி. இங்கும் அப்படியே. ஒத்தடம் கொடுக்கிறேன். அம்மா அதற்கும் ஒரு குறை கண்டுபிடிக்கிறாள்.

போன கடிதத்தில் எட்டுப் பிழை. திருத்தவில்லை, எண்ணினேன், அவ்வளவுதான்.

நீ கேட்டபடி தேய்த்து அனுப்பியிருக்கிறேன். உன் அத்தான் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டார், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். உள்ளே தோட்டா இல்லை. வெள்ளைப் பட்டை இருக்கிறது, பாதி உரிந்துபோய். துளையும் இருக்கிறது, சுண்டுவிரல் நுழையும். துளையை ஒட்டிக் கட்டையில் கருகினாற்போல் ஒரு தடம், ஒரு விரிசல். அடிக்கட்டையில் வட்டமான பித்தளைத் தகடு, அதில் பதினொன்று என்று இருக்கிறது.

இதுபோதும் இல்லையா? பட்டை இருக்கிறது, துளை இருக்கிறது, சுடாது. அந்த ஒரு வரியை எழுதி அனுப்பிவிடு. பிரஸ்ஸில் பள்ளிக்கூடப் புத்தக வேலை குவிந்திருக்கிறது, எனக்கு இதோடு மல்லுக்கட்ட நேரமில்லை.

வெயில் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடி.

அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமாக இருங்கள். நான் நலமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பதினொன்று. அந்தக் காகிதத்தைப் பிரித்தபோது பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்பவன் ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தான்.

துப்பாக்கி பழுதுபார்ப்பவர் பூதக்கண்ணாடியோடு ஒரு மணி நேரம் பார்த்தார். செய்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். இரண்டு படைப்பிரிவுகளில் இருந்திருக்கிறது. குழலில் நீ தேய்த்ததில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறதே, அதற்குக் குழலின் உட்புறம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தமாம். அதன் பிறகு குழலைத் துளைத்து, போல்டில் ஊசியின் முனையை வெட்டி, பட்டை அடித்து, பயிற்சிக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஊசி இல்லாத துப்பாக்கி வெறும் தடிதான் என்றார். பிறகு கருகின தடத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "இது சுட்டிருக்குப்பா" என்றார். அவர் வீட்டு வாசலை நான் எப்படித் தாண்டி வந்தேன் என்று தெரியாது.

அக்கா, இதுதான் என் கையில் இருந்த துப்பாக்கி. முப்பது வருஷமாக இதைப் பற்றி நம் வீட்டில் யாரும் என்னோடு உட்கார்ந்து பேசியதில்லை, நானே எழுதுகிறேன். அன்றைக்குப் பயிற்சிப் பள்ளியில் எங்கள் மாணவர் படைக்கு அணிவகுப்பு ஒத்திகை. மொத்தம் பன்னிரண்டு துப்பாக்கி. ஒன்றிலிருந்து நான்கு வரை நிஜமானவை, வெறும் சத்தத்துக்காகக் குண்டில்லாத தோட்டா போட்டுச் சுட. மீதி எட்டும் தோளில் வைத்து நடக்க மட்டும். முன்வரிசையில் நான்கு பேர் விசையை இழுத்தார்கள். நான்கிலும் டிக் என்ற சத்தம்தான். தோட்டா நமுத்துவிட்டது என்று டிரில் மாஸ்டர் கத்தினார். நமுத்ததில் ஒன்றைப் பக்கத்தில் நின்றவன் வேடிக்கையாக என்னிடம் கொடுத்தான். நமுத்த தோட்டா, செத்த துப்பாக்கி. போட்டேன், இழுத்தேன். துளை வழியாகத் தீ வந்தது.

பயிற்சித் துப்பாக்கி சுடாது, அதனால் இவன் தோட்டாவைக் கல்லில் வைத்து ஆணியால் அடித்திருக்கிறான், இப்போது பொய் சொல்கிறான் என்று அப்பா விசாரணையில் சொன்னார். வீட்டிலும் அதையே சொன்னார். அம்மா இன்றுவரை அதைத்தான் நம்புகிறாள். அப்பா காரியத்துக்கு நான் வந்தபோதுகூட, "அன்னைக்கு நெசத்தச் சொல்லியிருந்தா உங்கப்பா மன்னிச்சிருப்பாரு" என்றாள். அன்று மாலையே நான் பஸ் ஏறியது அதனால்தான்.

போல்டின் அடிப்பக்கத்தை நீ தேய்த்து அனுப்பவில்லை. அனுப்பு.

தம்பி

மார்ச் 27

அக்காவுக்கு,

அங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது? பதில் இல்லாததால் கேட்கிறேன்.

பயிற்சிப் பள்ளியின் பழைய பதிவேடுகளை மாவட்ட ஆவண அலுவலகத்தில் வைத்திருக்கிறார்களாம். அங்கே எழுதிப் போட்டிருக்கிறேன். பதினொன்று எப்படி நம் பரணுக்கு வந்தது என்று தெரிய வேண்டும். தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போகிறேன். அவர் இப்போதெல்லாம் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கையை விரித்துக் காட்டிவிடுகிறார்.

போல்ட் எண் வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. அத்தானிடமாவது சொல்.

தம்பி

ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்குப் பத்து நாள் காய்ச்சல், இப்போது தேவலை. அதனால்தான் எழுதவில்லை. நீ ஏன் இப்படிப் பறக்கிறாய்?

போல்டின் அடியில் துரு ஏறிக் கிடக்கிறது. எண் ஒன்றும் தெரியவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் பார்த்தாயிற்று.

இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். ஒரு வரிக்கு இரண்டு மாதமா என்று உன் அத்தானைக் கேட்கிறாராம். நான் சொல்வதைக் கேள். அப்பா போய்விட்டார். டிரில் மாஸ்டர் எங்கே இருக்கிறாரோ. இதைக் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகிறது? உனக்கு வேலை இருக்கிறது, உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருக்கிறாள். அம்மாவுக்கு வயதாகிறது.

வேளைக்குச் சாப்பிடு. வரியை அனுப்பு.

அக்கா

மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா தேறிவிட்டாள் என்று நம்புகிறேன். என் வீட்டுக்காரி விசாரித்தாள்.

ஆவண அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. இரண்டு பக்க நகல். என் கண் போன பதினேழாம் நாள், ஒரே தேதியில் இரண்டு துப்பாக்கிகளைப் பழுது என்று கழித்திருக்கிறார்கள். பதினோராம் எண், இரண்டாம் எண். பதினொன்று விரிசல் விட்டது, சரி. இரண்டாம் எண் நிஜத் துப்பாக்கி, அதற்கு என்ன கேடு? காரணம் எழுதும் இடம் காலியாக இருக்கிறது. இரண்டுமே உலைக்கு அனுப்பப்பட்டன என்று அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். உலைக்குப் போன பதினொன்று நம் பரணில் இருக்கிறது.

கழிவு இரும்பை ஒரு மனுஷன் முப்பது வருஷம் சாக்கில் சுற்றி ஒளித்துவைப்பானா? பழுதுபார்ப்பவரிடம் காட்டினேன். ஒரே வகைத் துப்பாக்கி என்றால் ஒன்றின் போல்ட் இன்னொன்றில் பொருந்தும், வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்றார். எண் தெரியாவிட்டால் போகட்டும், ஊசி இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்.

உள்ளே ஒன்றுமில்லை என்று மறுபடி பார்த்துவிட்டு, போல்டை மூடு. குழல் மேலே பார்க்கத் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடி. ஒரு முழுப் பென்சிலை, சீவாத பக்கம் கீழே இருக்க, குழல் வழியாக உள்ளே போடு. முகத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு விசையை இழு. ஊசி இருந்தால் பென்சில் மேலே எகிறும். முனை வெட்டியிருந்தால் அசையாது. அவ்வளவுதான்.

எகிறினால் நான் பொய் சொல்லவில்லை. எனக்கு வேறு எதுவும் வேண்டாம். யார் மேலும் வழக்குப் போடப் போவதில்லை. எனக்கே இப்போதெல்லாம் சந்தேகம் வருகிறது. ஆணியும் கல்லும் கனவில் வருகின்றன, காலையில் எழுந்தால் கையில் ஆணி பிடித்த ஞாபகம் இருக்கிறாற்போல் தோன்றுகிறது. முப்பது வருஷம் ஒரே பொய்யைப் பலர் சொன்னால் கேட்பவனுக்கு அது பழகிவிடும்போல. இதை உன்னிடம் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

தந்தி கொடுத்தாலும் சரி.

தம்பி

ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ சொன்ன மாதிரியே செய்து பார்த்தோம். பென்சில் அசையவில்லை.

இத்தோடு விட்டுவிடு. இன்ஸ்பெக்டருக்கு எழுதி அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நன்றாக இருங்கள்.

நீ கேட்ட வரியைப் பட்டறை லெட்டர்பேடில் எழுதி, சீல் போட்டு, இதோடு வைத்திருக்கிறேன். உன்னை ஐந்து மாதம் அலைக்கழித்துவிட்டேன்.

அப்பா சொன்னது சரிதான் போலிருக்கிறது. நான்தான் ஏதோ செய்திருக்கிறேன், செய்துவிட்டு மறந்துமிருக்கிறேன். பதினைந்து வயதில் பயத்தில் ஒன்றைச் சொல்லி, அதையே நம்பி, அதை வைத்துக்கொண்டு அவரிடம் முப்பது வருஷம் முறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். அவர் கடைசியாகப் படுத்திருந்தபோது வரச்சொல்லி நீ மூன்று கடிதம் போட்டாய். நான் வரவில்லை. அவர் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். படுத்த படுக்கையாகக் கிடந்த மனுஷன்.

கல்யாணமான வாரமே என் வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். உலகத்தில் என்னை நம்பியவள் அவள் ஒருத்திதான். நேற்று அவளிடம், அது பொய்யாக இருக்கலாம் என்று சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். இதுவரை பேசவில்லை.

அம்மாவிடம் ஒன்று சொல். அவன் நிஜத்தை ஒத்துக்கொண்டான் என்று சொல். அவள் ஆசைப்பட்டது அதுதானே.

தம்பி

ஜூலை 21

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு இன்று யோக்கியதை இல்லை. நீ அனுப்பிய வரியைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அம்மாவிடம் நீ சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை.

பென்சில் எகிறியது. கூரையில் இடித்து, சமையலறை வாசல் வரை உருண்டு போயிற்று. உன் அத்தான் சிரித்தார். உடனே உனக்கு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன் என்று அவரிடமும் பொய் சொன்னேன். போல்டில் எண்ணும் தெரிகிறது, துருவே இல்லை. இரண்டு.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏனென்றால் அதைச் செய்தது நான்.

ஒத்திகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் போடுகிற நாள். அப்பா என்னைத் துணைக்குக் கூட்டிப் போவார், உனக்குத் தெரியும். பன்னிரண்டு போல்டையும் கழற்றித் துடைத்து, நீள மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, சட்டத்தில் துப்பாக்கி நிற்கும் அதே வரிசையில் அடுக்குவார். திரும்ப மாட்டும்போது எண்ணைப் பார்க்கவே மாட்டார். "வரிசை இருக்கறப்ப நம்பர் எதுக்கு?" என்பார். அன்றைக்கு ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள் என்று நடுவில் எழுந்து போனார். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். செய்தித்தாளில் ஒரு தொடர்கதை, எனக்கு விட்டுப்போன வாரம், எனக்குத் தலைகீழாக. தாளின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, ஒரு போல்டும் உருளாமல், மெதுவாக அரைவட்டம் திருப்பினேன். ஒன்றுகூட உருளவில்லை என்று எனக்குப் பெருமை வேறு. அப்பா வந்தார், இடது ஓரத்திலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக மாட்டினார். நான் கதை படித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றாவதில் பன்னிரண்டாவது. இரண்டாவதில் பதினொன்றாவது. பதினொன்றில் இரண்டு. நான்கு பேர் இழுத்தும் டிக் என்றுதான் கேட்டது என்று அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ சொன்னபோதே எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது. அன்று இரவு அப்பா, "போல்ட தொட்டியா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றேன். போல்டைத் தொடவில்லை, தாளைத்தான் தொட்டேன் என்று எனக்குள் ஒரு சமாதானம். நீ கண்ணில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தாய்.

அப்பா தன் கை தவறியது என்றே நினைத்துக்கொண்டார். எண்ணைப் பார்க்காமல் மாட்டினேன் என்று சொன்னால் வேலை போய்விடும். அதனால் உன்னைப் பொய்யனாக்கினார். அந்தத் துப்பாக்கியை அழிக்கவும் முடியாமல், காட்டவும் முடியாமல் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். நான் அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் உன்னிடம் சொல்லியிருப்பார். சொல்லியிருக்க மாட்டாரோ என்னவோ.

போன கடிதத்தில் ஏன் பொய் எழுதினேன் என்று கேட்பாய். அம்மாவுக்கு மிச்சமிருப்பது அப்பாவின் நல்ல பெயர் மட்டும்தான், அதையும் பிடுங்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணமில்லை. எனக்குப் பயம். நீ ஒத்துக்கொண்டு எழுதினாயே, அதைப் படித்த பிறகுதான் பயத்தைவிட மோசமான ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது. நீ செய்யாததைச் செய்ததாக நம்பவைத்துவிட்டேன்.

முதலில் உன் வீட்டுக்காரியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

அக்கா

செப்டம்பர் 4

அக்காவுக்கு,

ஆறு வாரம் பேனாவைத் தொடவில்லை. இரண்டு பேரும் நலம். கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். "நான் எப்பவோ சொன்னேனே" என்றாள். அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பதினேழு வயதில் நீ தாளைத் திருப்பியதற்கு எனக்குக் கோபமில்லை. தொடர்கதை கிடைத்தால் நீ மேஜையையே தூக்கித் திருப்பியிருப்பாய். அப்பாவிடம் இல்லை என்றாயே, அதையும் விழுங்கிவிடலாம். அவரைப் பார்த்தால் யாருக்கும் நாக்கு எழும்பாது. அவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிப்பு காகிதத்தைக் கிழிக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஜூலை மூன்று. நாற்பத்தேழு வயதில், என் கண் எதனால் போனதென்று தெரிந்துகொண்டே, பென்சில் அசையவில்லை என்று எழுதி, எச்சில் தொட்டு ஸ்டாம்ப் ஒட்டி, தபால் பெட்டி வரை நடந்து போய்ப் போட்டிருக்கிறாய். நான்கு நாள் கழித்தாவது இன்னொரு கடிதம் போட்டிருக்கலாம். அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே இருந்துவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது.

இன்ஸ்பெக்டருக்கான அறிக்கை இதோடு இருக்கிறது. முழு விவரமும் எழுதியிருக்கிறேன்: பதினோராம் எண் பயிற்சித் துப்பாக்கி, அதில் மாட்டியிருப்பது இரண்டாம் எண் நிஜத் துப்பாக்கியின் போல்ட், ஊசி முழுதாக இருக்கிறது, ஒருமுறை சுட்டிருக்கிறது. யார் மாற்றியது என்று எழுதவில்லை. அவருக்கு அது தேவையில்லை.

தேவைப்படுகிற ஆள் ஒருத்தி இருக்கிறாள். அம்மாவிடம் நீ சொல். அத்தானை விட்டுச் சொல்லச் சொல்லாதே, கடிதத்தைப் படித்துக் காட்டாதே. எதிரில் உட்கார்ந்து உன் வாயால் சொல். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

தம்பி

செப்டம்பர் 28

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் ஆயிற்று. தினமும் அவள் கட்டில் ஓரத்தில் போய் உட்காருவேன், தைலம் தடவிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். நேற்று மத்தியானம் அவளே, "என்னடி மென்னு முழுங்கற, சொல்லு" என்றாள். தாளைத் திருப்பியதிலிருந்து பென்சில் வரை சொன்னேன். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும், "உங்கப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். நீ சொன்னது பொய்யில்லை என்று தெரியும் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ராத்திரி சாப்பிடவில்லை.

இன்று காலையில் காகிதமும் பேனாவும் கேட்டாள். தலையணையை முதுகுக்கு வைத்து, ஒரு மணி நேரம் எழுதினாள். நான் எட்டிப் பார்த்ததும் கையால் மூடிக்கொண்டு, "நீ ஒண்ணும் திருத்த வேணாம்" என்றாள். திருத்தவில்லை. அதை அப்படியே வைத்திருக்கிறேன். நான் வேறு எதுவும் எழுதப் போவதில்லை.

அக்கா

சின்னவனுக்கு அம்மா எழுதறது. எனக்கு ஒண்ணும் இல்ல, முட்டி வலி மட்டும்தான். நீ எப்டி இருக்க, உன் பெண்சாதி எப்டி இருக்கா.

அன்னைக்கி நடந்தத உங்கப்பா சொல்லிக் கேட்டேன். டிரில் மாஸ்டர் சொல்லிக் கேட்டேன். நேத்து உன் அக்கா சொல்லிக் கேட்டேன். நீ கட்டுப் போட்டுக்கிட்டு என் மடிலதான் படுத்திருந்த. என்னடா ஆச்சுன்னு உன்ன நான் ஒரு வார்த்த கேக்கல.

இப்ப கேக்கறேன். வந்து சொல்லு. மொதல்லேந்து சொல்லு, நடுவுல பேச மாட்டேன்.